மஞ்சள் தண்ணீரில் தோய்ந்த தேசிக்காய்

1926ஆம் வருஷம் பங்குனி மாதக் கடைசியில் ஒரு கதை கிளம்பியது. யாழ்ப்பாணத்து டிஸ்திரிக் கோட்டில் ஒரு மனிதருடைய விரலை வெட்டி, சீல் வைத்து, வழக்குச் சாமான்களோடு பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. இணுவிலில் அது ஒரு விரலாகத்தான் இருந்தது. பட்டணத்துக்குப் போகிற வழியிலுள்ள திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாகியது. பட்டணத்துப் பெரிய கடையில் விசாரித்தவர்களுக்கு மணிக்கட்டோடு போய்விட்டது என்ற பதில் கிடைத்தது. இன்னும் இரண்டு கட்டை தூரம் போய்க் கேட்டிருந்தால் மனிதரின் செத்தவீட்டுக்குச் சொல்லியனுப்பியிருப்பார்கள். விரலுக்குரியவர் இணுவில் பொன்னம்பலம் என்பதில் மாத்திரம் எல்லா ஊரும் ஒத்துப்போயின.

கதையைச் சரிபார்ப்பதற்குப் பொன்னம்பலத்தாரின் விரல்களை எண்ணினால் போதும். ஆனால் எண்ணுவதற்கு மனிதர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அவர் புகையிலைத் தரகர். காலையில் இணுவிலில் கன்று பார்ப்பார். வெயில் ஏற முன்னம் திருநெல்வேலியில் விலை பேசுவார். மத்தியானம் பட்டணத்தில் யாரோ ஒரு வியாபாரியின் வாசலில், உள்ளே வரச் சொன்னாலும் வராமல், ஒரு காலில் நின்றுகொண்டு கதைப்பார். வண்டில் சில்லுப்போல உருண்டு திரிவதால் ஊரில் அவருக்குச் சில்லுப் பொன்னம்பலம் என்று பெயர். இருந்து சாப்பிட்டதைக் கண்டவர்கள் உண்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதைக் கண்டவர்கள் குறைவு. கை கழுவும்போது மனிதர் வாசல் படலையடிக்குப் போயிருப்பார்.

எப்படியோ பிடித்து எண்ணியாயிற்று. பத்தும் இருந்தன. வலக்கை மோதிர விரலின் நகம் சற்றுக் கோணல், அவ்வளவுதான். கதை முழுப் பொய் என்று தள்ளிவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. அந்த ஒரு விரலைப் பற்றிக் கோட்டில் ஒரு காலைப்பொழுது முழுவதும் விசாரணை நடந்தது உண்மை. அது ஏன் நடந்ததென்று அறிய, முப்பத்து மூன்று வருஷம் பின்னுக்குப் போக வேண்டும்.

பொன்னம்பலத்துக்கு ஒரு தமையன் இருந்தார், அம்பலவாணர். அவருக்கும் மனைவி சின்னாச்சிக்கும் பிள்ளையில்லை. கோண்டாவிலில் சின்னாச்சியின் ஒன்றுவிட்ட தங்கைக்கு ஏழு பெண்கள். ஏழாவதை, மூன்று வயதுச் சின்னத்தங்கத்தை, இவர்கள் பிள்ளையாக எடுத்தார்கள்.

பிள்ளை எடுப்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழமை இருந்தது. ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைப்பார்கள். பிள்ளையை எடுக்கிறவரின் உரிமைக்காரர் ஒவ்வொருவராக வந்து அதில் விரல் தோய்க்க வேண்டும். தோய்த்தால் சம்மதம், முதுசச் சொத்தில் அவருக்கு இனிக் கதையில்லை. தோய்க்காதவருடைய பங்கு தோய்க்காதவருக்கே கிடக்கும். எல்லோரும் தோய்த்து முடிய, பிள்ளையை எடுக்கிற தாயும் தகப்பனும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். எழுத்துமில்லை, முத்திரையுமில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசுமாருக்கு அதில் ஒரு சதமும் கிடையாது. வழமை பிற்காலத்தில் மெலிந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த நாளில் பொன்னம்பலத்துக்கு இருபத்தைந்து வயது. வலக்கை மோதிர விரலில் நகச்சுத்து. ஒரு தேசிக்காயின், அதாவது எலுமிச்சங்காயின், மூக்கைச் சீவி, விரலை அதற்குள் செருகி, துணியால் கட்டியிருந்தார். சந்தியில் புகையிலை ஏற்றிய வண்டில் ஒன்று காத்து நின்றது. வேறு விரலைத் தோய்க்கும்படி, சடங்கைப் பார்க்க வந்திருந்த ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சொன்னார்.

"நல்ல காரியத்துக்கு மோதிர விரல்தான்," என்றார் பொன்னம்பலம்.

"அப்ப அந்தப் பழத்தைக் கழட்டும்."

"கழட்டினால் உயிர் போற நோ. பழமும் மங்கலந்தானே. வண்டில் நிக்குது."

சொல்லிக்கொண்டே தேசிக்காயைப் பாதிவரைக்கும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார். காரியம் முடிந்தது. சின்னத்தங்கம் அந்த வீட்டுப் பிள்ளையாய் வளர்ந்தாள்.

1908இல் அம்பலவாணர் காலமானார். விட்டுப்போனது ஆறு பரப்புப் புகையிலைத் தோட்டமும், அதற்குள் ஒரு கிணறும், இரண்டு அறை வீடும். ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைக்கு மரணசாதன வழக்கு வைத்து உரிமைக்காரர் யாரென்று எழுதுவிக்க வேண்டுமென்பது இணுவிலில் எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் பட்டணத்தில் கல்வீடும் பளையில் தென்னந்தோட்டமும் விட்டுப்போகிறவர்களுக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆறு பரப்புக்கு வழக்கு வைத்தால், இவைக்கு வந்த எடுப்பைப் பார் என்று சனம் சிரிக்கும். ஆகவே யாரும் ஒன்றும் வைக்கவில்லை. சின்னாச்சி இருந்து ஆண்டாள். சின்னத்தங்கத்துக்குக் கலியாணம் நடந்து, அவள் புருஷன் குருணாகலில் ஒரு சுருட்டுக் கடைக்குப் போய், வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனான். தோட்டத்தை அவளே கூலியாட்களை வைத்துப் பார்த்தாள். போன ஆவணியில் சின்னாச்சியும் கண்ணை மூடினாள். காணி உறுதியில் இன்னமும் அம்பலவாணர்தான் உயிரோடு இருந்தார்.

அவரைச் சாகடிக்க வேண்டி வந்தது கிணற்றினால். அந்த வருஷம் மாரி பொய்த்தது. கார்த்திகையில் நட்ட கன்றுக்குத் தையிலேயே கிணறு அடி தெரிந்தது. இன்னும் மூன்று முழம் இறக்கினால் ஊற்றுக் கிடைக்கும். ஆனால் அடியில் கல். கல்லுக்கு வெடி வைக்க வேண்டும். வெடிமருந்துக்கு அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதிக் கடதாசியில் கிணற்றுச் சொந்தக்காரரின் பெயர் எழுத ஒரு கோடு கீறியிருந்தது.

"ஆற்றை பேரைப் போட?" என்று கேட்டார் புதிய விதானையார்.

"என்ரை பேரைத்தான்," என்றாள் சின்னத்தங்கம்.

"உறுதி?"

"ஐயாவின்ரை பேரிலை."

"ஐயா செத்து எத்தினை வருஷம்?"

"பதினெட்டு."

"உம்முடைய பிறப்புப் பத்திரத்திலை ஐயாவின்ரை பேர் இருக்கோ?"

பிறப்புப் பத்திரத்தில் கோண்டாவில்காரர் பெயர் இருந்தது. விதானையார் பேனையை மூடி வைத்துவிட்டார். செத்தவர் வெடி வைக்க முடியாது, உயிரோடிருப்பவள் யாரென்று டிஸ்திரிக் கோடு சொல்லட்டும் என்றார். இப்படித்தான் சின்னத்தங்கம் பட்டணத்துக்குப் போய் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவரைப் பிடித்து, அம்பலவாணரின் உரிமைக்காரி தான் ஒருத்தியே என்று தீர்த்துத் தரும்படி மனுப் போட்டாள். மாற்றுக்கதை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. தோட்டத்துப் பூவரச மரத்திலும் ஒரு பிரதி ஒட்டப்பட்டது. ஒருவரும் வராவிட்டால் மாசி முற்பகுதியில் கட்டளை கிடைத்துவிடும். கிணற்றில் இருக்கிற தண்ணீர் அதுவரைக்கும் காணும் என்று அவள் கணக்குப் பார்த்திருந்தாள்.

அந்த நாட்களில்தான் பொன்னம்பலத்தார் ஒரு பகிடி விட்டார்.

இடம், சந்திக்கு அருகேயிருந்த சுருட்டுக் கொட்டில். இருபது பேர் வரிசையாய் இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அறிவித்தலை வாசித்து முடித்ததும், வாசலில் நின்ற பொன்னம்பலத்தாரைப் பார்த்து வாசித்தவர் கேட்டார்: "என்ன அண்ணை, நீங்களும் விரல் தோய்ச்சனீங்களோ?"

"விரல் எங்கையடாப்பா பட்டது? தேசிக்காயெல்லோ பட்டது," என்றார் அவர். பிறகு நகச்சுத்து, விதானையார், வண்டில் எல்லாவற்றையும் சொன்னார். கொட்டில் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் கோண்டாவில் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தார்.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர். அவர் பொன்னம்பலத்தாரின் மகன் தியாகராசா. பட்டணத்தில் வேறொரு பிரக்கிராசியாரின் கந்தோரில் எழுத்துவேலை. இருபத்துநாலு வயதில் சட்டம் முழுவதும் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு சோதினை எடுத்தால் மற்றவர்களுக்கும் தெரியவரும். அன்று சுருட்டு வாங்க வந்தவர், வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, தகப்பன் திருநெல்வேலிக்குப் போக வண்டிலில் மாடு பூட்டுகையில், மகன் ஒரு கடதாசியோடு வந்தார்.

"அப்பு, இதிலை ஒரு கையெழுத்து."

"என்னது?"

"நீங்கள் நேற்றுச் சொன்ன கதைதான். இங்கிலீசிலை எழுதியிருக்கு."

"என்ரை கதையை இங்கிலீசிலை எழுதினனியோ? நகச்சுத்துக்கு என்னெண்டு போட்டனி?"

"அதெல்லாம் இருக்கு. போடுங்கோ."

கடதாசியை மாட்டின் முதுகில் வைத்துப் பொன்னம்பலத்தார் ஒப்பம் வைத்தார். மாடு தோலைச் சிலிர்த்தது. ஒப்பம் கடைசியில் மேலே ஏறிப் போயிற்று. தன்னுடைய பகிடி இங்கிலீசில் ஏறியதை நினைத்துத் திருநெல்வேலிவரை அவருக்கு ஒரு சந்தோஷம்.

அது சத்தியக்கடதாசி. அம்பலவாணரின் தம்பியாகிய பொன்னம்பலம் மஞ்சள் தண்ணீரில் விரல் தோய்க்கவில்லை, ஆகவே பிள்ளை எடுத்ததற்குச் சம்மதிக்கவில்லை, ஆகவே தோட்டத்திலும் கிணற்றிலும் வீட்டிலும் பாதி அவருக்குரியது என்பது அதன் சாரம். மாசி முற்பகுதியில் கிடைக்கவேண்டிய கட்டளை கிடைக்கவில்லை. விசாரணைக்குப் பங்குனியில் நாள் குறித்தார்கள். பிள்ளை எடுத்த அன்றைக்கு விரல் தோய்த்தவர்களும், பார்த்து நின்றவர்களும், பழைய விதானையாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கண்ணால் கண்ட சாட்சி என்று உலகத்தில் எஞ்சியிருந்தவர் பொன்னம்பலத்தார் ஒருவரே.

கடதாசியின் சாரத்தை அவருக்குச் சொன்னவள் சின்னத்தங்கம். ஒரு காலை அவர் படலையைத் திறக்க, அவள் வெளியே குடத்தோடு நின்றாள். தன் கிணறு கலங்கிப்போனதால் குடிதண்ணீருக்கு அயல் கிணற்றுக்கு வந்திருந்தாள்.

"குஞ்சியப்பு, ஒரு சொல்லுக் கேக்க வேணும். நான் ஆற்றை பிள்ளை?"

"இதென்ன கேள்வி? அண்ணையின்ரை பிள்ளை."

"நீங்கள் குடுத்த கடதாசியிலை அப்பிடி இல்லையாம்."

"உது இங்கிலீசு, மோனை."

"இங்கிலீசிலை எண்டால் நான் வேறை ஆற்றையும் பிள்ளையோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. பாதிக் கிணறு, பாதி வீடு, பாதித் தோட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"நீங்கள் பங்கு கேட்டால் கேளுங்கோ. கேட்டுப் போட்டு அந்தப் பாதிக் கிணத்துக்கு வெடியையும் நீங்களே வையுங்கோ. எனக்குக் கன்று காயுது. பங்குனி முடியமுந்தி ஆற்றையெண்டாலும் பேரைப் போட்டுத் தாருங்கோ. என்ரை பேர் இல்லாட்டில் உங்கடை பேர்."

"நான் பங்கு கேக்கேல்லை, பிள்ளை."

"ஒப்பம் உங்கடைதானே?"

"ஓம்," என்றார் பொன்னம்பலத்தார். அன்றைக்குத் திருநெல்வேலிக்கு நடந்தே போய், விலை பேசாமல் திரும்பி வந்தார்.

அதன்பிறகு அவருடைய ஓட்டம் இன்னும் மோசமாயிற்று. முன்னம் போகிற இடத்தில் ஒரு காரியம் இருக்கும். இப்போது காரியமில்லாமல் போனார். மருதனார்மடம்வரை போய், ஏன் வந்தோமென்று யோசித்துத் திரும்பினார். சோற்றைப் போட்டுவிட்டு மனைவி பராசக்தி குழம்புச் சட்டியை எடுத்து வருவதற்குள் எழும்பிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, முள்ளிலையோ இருக்கிறியள்?" என்றாள் அவள்.

"உவன் என்னைக் கொண்டு பொய்ச்சத்தியம் பண்ணுவிச்சுப் போட்டான்."

"அவன் என்ன பொய்யே எழுதினவன்? தேசிக்காய் பட்டதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஊர் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னனீங்கள்."

அதுதான் அவரைக் குடைந்தது. பொய்யென்று எழுந்து நின்று சொல்லவும் வழியில்லை. விரல் தண்ணீரில் படவில்லை. நகச்சுத்துக் கட்டிய ஒருவருக்கு அது எப்படி மறக்கும்? தேசிக்காயைப் பாதிக்கு மேல் அமிழ்த்தாமல் அவரே கவனமாய் இருந்தார். மஞ்சள் ஏறினால் எரியுமென்று.

"அப்பு, நீங்கள் ஒண்டும் புதிசாய்ச் சொல்ல வேண்டாம்," என்றார் தியாகராசா. "விரல் பட்டதோ எண்டு கேப்பினம். படேல்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். மெய் தானே."

"அவளுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"அக்காவைத் தெருவிலை விடச் சொல்லேல்லை. பாதி அவவுக்குத்தானே. எனக்கும் நாளைக்கு ஒரு குடும்பம் வருமெல்லே."

மகன் கெட்டவரல்ல. பாதிக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காததால் பாதியோடு நின்ற நல்ல பிள்ளை.

பங்குனி பிறந்தது. தோட்டத்துப் பக்கம் போகக்கூடாதென்று நினைத்துக்கொண்டே பொன்னம்பலத்தார் தினமும் அந்த வேலியோரமாகப் போனார். புகையிலை தெரிந்த மனிதர். எட்டிப் பார்க்கத் தேவையில்லை, வாசத்திலேயே தெரியும். மேற்குப் பக்கத்து மூன்று பரப்பும் அடியிலை சுருண்டு போயிற்று. கிழக்குப் பக்கத்துக்கு மாத்திரம் கிணற்றுத் துலா ஏறி இறங்கியது. இறைத்த பட்டையில் வந்தது பாதி சேறு. வாய்க்கால் பாத்திவரைக்கும் நனையவில்லை. சின்னத்தங்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இந்தப் பாத்திக்கோ அந்தப் பாத்திக்கோ என்று பார்த்து நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

கொட்டிலில் சொன்ன கதையில் அவர் விட்டுவிட்ட துண்டொன்று இருந்தது. முப்பத்து மூன்று வருஷமாக எத்தனையோ இடத்தில் அந்தப் பகிடியைச் சொல்லியும் அந்தத் துண்டைச் சொன்னதில்லை. அது சிரிப்பு வராத துண்டு. இப்போது நடக்கும்போதெல்லாம் அதுதான் காலுக்குள் வந்தது.

விசாரணை நாள், பெரிய வெள்ளிக்கு முதல்நாள் வியாழக்கிழமையாய் அமைந்தது. நீதிபதி யாழ்ப்பாணத்துக்கு வந்து எட்டு மாதமான ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் கேட்பதைத் தமிழாக்கவும், சொல்வதை இங்கிலீசாக்கவும் ஒரு துவிபாஷி முதலியார் இருந்தார். பொன்னம்பலத்தாரைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள். கூட்டுக்குள் இரண்டடி இடம். அந்த இரண்டடிக்குள்ளேயே அவர் நடந்தார்.

"நேராய் நில்லும்," என்றார் முதலியார்.

"நிக்கிறன் ஐயா. கால்தான்."

நகச்சுத்து என்றால் என்ன என்பதிலேயே அரை மணித்தியாலம் போயிற்று. முதலியார் ஒருவிதமாகச் சொல்ல, துரை அதை விஷக்கடி என்று விளங்கிக்கொண்டார். பிறகு தேசிக்காய் ஏன் என்று கேட்டார். பிரக்கிராசிமார் இருவரும் வழக்கில் முதல்தடவையாக ஒரே கட்சியில் நின்று விளக்கினார்கள். தேசிக்காயைவிடக் கத்தரிக்காய் கேட்கும் என்று பின் வாங்கிலிருந்து யாரோ சொன்னார். கோட்டுப் பியோன் அவரை முறைத்துவிட்டு, ஓம் என்பதுபோலத் தலையாட்டினான். விரலைத் துரைக்குக் காட்டும்படி உத்தரவாயிற்று. பொன்னம்பலத்தார் கையை நீட்ட, துரை மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஊருக்குப் போன கதையின் தொடக்கம் இந்த இடம்.

"அந்தத் தண்ணீரில் உம்முடைய விரல் பட்டதா?" என்று கேட்டார் மகனுடைய கந்தோர்ப் பிரக்கிராசியார்.

"படேல்லை."

"பட்டது எது?"

"தேசிக்காய்."

அவர் திருப்தியாய் இருந்துவிட்டார். தியாகராசா பின்னாலிருந்து தகப்பனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இந்தப் பக்கம் சின்னத்தங்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நகங்களுக்குள் தோட்டத்துச் செம்மண்.

அவளுடைய பிரக்கிராசியார் எழுந்தார். கட்டையான, வியர்க்கிற மனிதர். துரைமார் கையுறை போட்டுக்கொண்டு கைகுலுக்கினால் அது கைகுலுக்கியதாகாதோ, கையுறைதான் குலுக்கியது என்று ஒருவர் பிறகு வந்து சொல்லலாமோ என்று கேட்டார். துரைக்கு அது பிடித்திருந்தது. மற்றவர் எழுந்து, கையுறை போட்டவர் கைகழுவினேன் என்று சொல்ல முடியாதே என்றார். அதுவும் துரைக்குப் பிடித்திருந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டுத் தாமே சாட்சியைப் பார்த்தார். முதலியார் தமிழாக்கினார்:

"உமது மனதில் அன்றைக்குச் சம்மதம் இருந்ததா?"

பொன்னம்பலத்தார் யோசித்தார். "மெய்யைச் சொன்னால் ஐயா, என்ரை மனசிலை அண்டைக்கு இருந்தது வண்டிலிலை கிடந்த போயிலை. சம்மதமோ இல்லையோ எண்டு நான் நினைக்கவேயில்லை."

கோடு சிரித்தது. சின்னத்தங்கம் சிரிக்கவில்லை. நினைக்கவேயில்லை என்பது அவளுக்கு உதவுமோ கெடுக்குமோ என்று அவளுடைய பிரக்கிராசியாருக்கே தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்:

"சரி, நீர் தேசிக்காயைத் தோய்த்த பிறகு அந்தத் தண்ணீர் என்னாயிற்று? வெளியில் ஊற்றினார்களா?"

கூட்டுக்குள் நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன.

"ஊத்தேல்லை."

"பிறகு?"

"அண்ணை குடிச்சவர்."

"தேசிக்காய் தோய்ந்த தண்ணீரை?"

"ஓம். மூண்டு நாள் விரலிலை கிடந்த பழம். உள்ளுக்குச் சீழ். அண்ணி கிண்ணத்தைக் கையிலை வாங்கினவ. வாங்கிப் போட்டு முகத்தைச் சுழிச்சவ. நான் படலையிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அண்ணை ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்கு வாய் நனைய ஒரு மிடறு விட்டிட்டு, மிச்சத்தை வாங்கி அடிமட்டும் குடிச்சவர். குடிச்சுப் போட்டு என்னைப் பாத்து, வண்டில் போகப்போகுது போ தம்பி எண்டார்."

முதலியார் இங்கிலீசாக்கிக்கொண்டிருந்தபோது பொன்னம்பலத்தார் காத்து நிற்காமல் தொடர்ந்தார்.

"வேறை தண்ணி கரைச்சிருக்கலாம் ஐயா. என்னைக் கூப்பிட்டு வேறை விரலைத் தோயடா எண்டிருக்கலாம். எனக்கு வண்டிலுக்கு நேரம் போயிடுமெண்டு அவர் அதைக் குடிச்சவர். அவர் குடிச்சதை நான் பாத்தனான். பாத்துப் போட்டு, நான் தோய்க்கேல்லை எண்டு இண்டைக்கு எப்பிடிச் சொல்லுறது? விரல் படேல்லை. அது மெய். ஆனால் நான் தோய்ச்சனான்."

துரை சத்தியக்கடதாசியை எடுத்து, ஒப்பம் ஏன் இப்படி மலையேறியிருக்கிறது என்று கேட்டார். மாட்டின் முதுகில் வைத்தது என்ற பதிலை முதலியார் இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு சொன்னார். துரை அதையும் எழுதிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு முன்னம் கட்டளை சொல்லப்பட்டது. அம்பலவாணரின் உரிமைக்காரி சின்னத்தங்கம், வேறு யாருமில்லை. விரல் என்பதற்கு அன்றைய நிலையில் அதில் கட்டியிருந்ததும் அடக்கம் என்று துரை ஒரு வரி எழுதினார் என்பார்கள். தியாகராசா கடதாசிக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தகப்பன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனார். அந்த வீட்டில் வேகமாய் நடக்கத் தெரிந்தவர் இன்னொருவரும் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கட்டளை சொன்னால் மாத்திரம் கச்சேரியில் வெடிமருந்து கிடைக்காது. அதன் பிரதி கையில் வேண்டும். நாளை பெரிய வெள்ளி. அதோடு திங்கள்வரை கோடு பூட்டு. பிரதி எழுதிக் கொடுக்கக் கிளாக்கர் சம்மதித்தார். முத்திரைக்கு ஒரு ரூபா ஐம்பது சதம் கேட்டார். சின்னத்தங்கத்தின் சேலைத் தலைப்பில் வண்டில்கூலி மாத்திரம் இருந்தது. பிரக்கிராசியார் அடுத்த வழக்குக்குள் போய்விட்டார். அவள் கந்தோர் வாசலில் நின்று முடிச்சை அவிழ்த்து, எண்ணி, திரும்ப முடிந்தாள்.

பொன்னம்பலத்தார் மடியிலிருந்து ஒரு ரூபாயும் ஒரு ஐம்பது சதமும் எடுத்து மேசையில் வைத்தார்.

"குஞ்சியப்பு, கடனாய்த்தான்," என்றாள் அவள்.

"முதல்லை கடதாசியை வாங்கு."

கச்சேரி பூட்டக் கால்மணித்தியாலம் இருக்க அனுமதி கிடைத்தது. சொந்தக்காரர் பெயரென்று கீறியிருந்த கோட்டில் அவள் பெயரை எழுதினார்கள். சனிக்கிழமை நாலு வெடி வைத்தார்கள். மூன்றாவது வெடியில் கிழக்குப் பக்கத்துக் கல் பிளந்து ஊற்றுக் கண் திறந்தது. மேற்குப் பக்கத்து மூன்று பரப்பும் போனது போனதுதான். கிழக்குப் பக்கம் நிமிர்ந்தது.

சித்திரையில் இலை வெட்டி விற்றவுடனே சின்னத்தங்கம் ஒரு ரூபா ஐம்பது சதத்தைக் கொண்டு வந்தாள். பொன்னம்பலத்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், மோனை. வாங்கினால், விரலுக்குக் காசு வாங்கினான் எண்டுவாங்கள்."

"தராட்டில், குஞ்சியப்பு தன்ரை காசைக் குடுத்துப் பொய்ச்சாட்சி சொல்லி எனக்குத் தீர்ப்பெடுத்தவர் எண்டு உங்கடை மகன் சொல்லித் திரிவான். எனக்கு அந்தப் பேர் வேண்டாம்."

"அப்ப கோயில் உண்டியலிலை போடு."

"கோயிலிட்டை நான் கடன் வாங்கேல்லை."

"என்னட்டையெண்டாலும் தாவன்," என்று அடுக்களையிலிருந்து பராசக்தி கையை நீட்டினாள்.

"உங்களிட்டையும் வாங்கேல்லை, குஞ்சியாச்சி."

அவர் படலையைத் திறந்தார். திருநெல்வேலியில் ஒருவர் காத்து நிற்பதாகச் சொன்னார். யாரென்று கேட்பதற்குள் ஒழுங்கையால் திரும்பிவிட்டார். சின்னத்தங்கம் பிறகு இரண்டுமுறை வந்தாள்; இரண்டுமுறையும் இப்போதுதான் போகிறார் என்றார்கள். சந்தியில் எதிர்ப்பட்டால் அவர் மற்றப் பக்கத்துக்குப் போய், புகையிலை எப்படி, தண்ணி நிக்குதோ என்று தூரத்திலிருந்தே கேட்பார். தண்ணி நிக்குது, குஞ்சியப்பு, ஒருக்கா நில்லுங்கோ என்பாள் அவள். அவர் நிற்பதில்லை. ஒரு ரூபாயும் ஐம்பது சதமும் அவளுடைய தலைப்பில் முடிந்தபடியே இருக்கின்றன.